மரைக்குப் பாண் கொடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து நுவரெலியாவுக்குப் போகிறவர்களிற் பலர் ஹோட்டன் சமவெளியையும் பார்த்துவிட்டே திரும்புகிறார்கள் என்பதால், அண்மையில் அங்கு நான் கண்டதை உங்கள் பத்திரிகை வாயிலாக அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

விடிந்தும் விடியாத நேரம், வாகனத் தரிப்பிடத்தில் மூடுபனியை விலக்கிக்கொண்டு மரை என்னும் பெரிய மானினத்து ஆண் ஒன்று எங்கள் வானருகே வந்து நின்றது. கழுத்து மயிரெங்கும் பனித்துளி. பக்கத்து வானில் வந்த நம்மூர்ப் பிள்ளைகள் பாணையும் பிஸ்கட்டையும் நீட்ட, பெரியவர்கள் தடுக்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட்டோடு அதன் உறையையும் மரை வாய்க்குள் இழுத்தது. ஒருவர் பாய்ந்து பறித்தபோது பாதி உறைதான் கையில் வந்தது.

மரை அசைபோடும் விலங்கு. புல்லும் இலையும் செரிப்பதற்கென அமைந்த அதன் இரைப்பையில் மாப்பண்டம் புளித்து நோயைத் தருகிறது. பொலித்தீனோ செரிக்காமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. நுழைவாயிலில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை அகற்றுவது இதனால்தான். அதை நேர விரயமென்று முணுமுணுப்பது சரியல்ல. அங்குள்ள சிறுத்தைகளுக்கும் மரையே முக்கிய இரை என்பதால், மரைக்கு வரும் கேடு மரையோடு நின்றுவிடாது.

1988 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தச் சமவெளியில், அழிந்துவிட்டதென்று கருதப்பட்டு 2010 இல் புகைப்படம் வெளியானபின் உயிரோடிருப்பது உறுதியான மலைத் தேவாங்கு வாழ்கிறது. இரவில் மட்டும் நடமாடும் அதனைப் பகலிற் செல்லும் நாம் காண முடியாது. ஆனால் மூக்கு நுனியில் வெண்ணிறக் கொம்புள்ள, உலகில் இலங்கையின் மலைநாட்டில் மட்டுமே வாழும் ஓணானை, பாசி படர்ந்த ஒரு மரத்தில் என் பேத்திதான் முதலிற் கண்டாள். ஓரடி தூரத்தில் நாங்கள் மூச்சடக்கி நின்ற வேளை, அது ஒரு காலை மட்டும் மெல்லத் தூக்கி வைத்தது. பின்னால் பாட்டுப் பெட்டியோடு ஒரு கூட்டம் வர, மரத்தின் மறுபக்கம் போய்விட்டது.

சுற்றுலா ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களும் பெற்றோரும் இவற்றைப் புறப்படுவதற்கு முதல்நாளே பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். ‘உலக முடிவு’ எனப்படும் அங்குள்ள செங்குத்துப் பாறை விளிம்பைப் பனி மூடுமுன் காண அதிகாலையிலேயே போய்ச் சேருங்கள். சாப்பாட்டுப் பொதிகளை வானுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பேச்சைக் குறைத்து நடவுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.