எங்கள் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாக நண்பர்களுக்கும், அணைக்கட்டு, குடியாத்தம், வாணியம்பாடிப் பக்கத்து மக்களுக்கும் வணக்கம்.

எங்கள் சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் தேர்வு எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். இனி பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு, தொழில் கற்க ஒரு சீனியர் தேடல் என்று அவரவர் பாடு. அவர்களுக்குச் சட்டவியல் கோட்பாடு நடத்துவதும் சட்ட உதவி மையத்தைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி செய்முறைத் தாள்கள் கட்டாயம். ரெக்கார்டு நோட்டுக்கு அழகாக அட்டை போட்டு மார்க் வாங்கிவிடலாம் என்பதும் ஊரறிந்த சங்கதிதான். அப்படி ஆகாமல் போனதற்கு நீங்கள்தான் காரணம்.

முதல் நன்றி அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த பாட்டிக்கு. இருந்த ஒரே வீட்டை மகன் பேரில் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தவர். பதிவு முடிந்த கொஞ்ச நாளில் சோறு நின்றுபோனது. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அப்படிப்பட்ட பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்க வேண்டும். பத்திரத்தைப் புரட்டிய மாணவன், “நிபந்தனை ஒரு வரிகூட இல்லை மேடம், நிற்காது” என்றான். இன்னொருத்தி விடவில்லை. “பெற்ற பிள்ளையிடம் யாராவது நிபந்தனை எழுதி வாங்குவார்களா?”

சட்டத்தை எழுத்துப்படி படிப்பதா, நோக்கத்தைப் பார்த்துப் படிப்பதா என்று கரும்பலகையில் நான் எழுதிப்போட்டபோது கொட்டாவி விட்ட அதே வகுப்புதான் இது. அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்து சண்டை போட்டார்கள். நிபந்தனை இருந்ததாகக் காட்ட வேண்டும் என்ற 2022 டிசம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒருவன் எடுத்து வந்தான். இது முதியோரைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கத்தோடு தாராளமாகப் படிக்க வேண்டும் என்ற 2025 ஜனவரித் தீர்ப்பை இன்னொருத்தி நீட்டினாள். அன்பின் பேரில் எழுதிக் கொடுத்தாலே பராமரிப்பு அதில் அடங்கியதுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்னதும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாட்டி, “சரி, எனக்கு எது?” என்றார். அந்தக் கேள்வியை எந்தத் தேர்விலும் என்னால் கேட்க முடியாது.

அப்புறம் வழக்கறிஞர் குமாஸ்தா அண்ணன். இந்த மனுவை விசாரிக்கும் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு. மாணவர்கள் பேசுவது அதற்கும் மேல் கூடாது. ஆக, பாட்டி தானே நின்று பேச வேண்டும். மாணவி எழுதிய மனுவில் “அன்னாரது ஜீவனத்திற்கு யாதொரு ஏற்பாடும் செய்யாது” என்று ஒரு வரி. அண்ணன் சிவப்புப் பேனாவால் அதை அடித்தார். “இதை யாராவது படிச்சுக் காட்டினா, தன் கதைதான்னு அந்தம்மாவுக்கே தெரியாது. சோறு போடலன்னு எழுதும்மா.” வில்லங்கச் சான்று எங்கே வாங்குவது, எதன் நகலை மேலே வைப்பது, பக்க எண் போட்டு ஊசி நூலால் காகிதக் கட்டைத் தைப்பது எப்படி என்பதெல்லாம் அவர் போட்ட பிச்சை. ஒரு பைசா வாங்கவில்லை. டீக்குக்கூட அவரே கொடுத்துவிடுவார்.

பாட்டிக்குச் சாதகமாக ஆணை வந்தது. பத்திரம் ரத்து. மகன் இப்போது அடிக்கடி வந்து பார்க்கிறாராம். எவ்வளவு நாளைக்கோ!

குடியாத்தத்தில் பீடி சுற்றும் அக்காக்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளிதான் என்று சொன்ன 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒரு மாணவன் மூச்சுவிடாமல் விளக்கி முடித்தான். “அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. நான் கம்பெனி ஆளா, இடையில் நின்று இலை கொடுக்கிறவர் ஆளா?” என்றார் ஒரு அக்கா. கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லாதவருக்கு முதலாளியைக் காட்டுவது எப்படி? உரிமை என்றால் எதிரே கடமைப்பட்டவர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற பழைய பாடம் அங்கேதான் உறைத்தது.

வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி ஐயா தன் கிணற்றுத் தண்ணீரை மாணவர்கள் வாயில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். உப்பு. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுக்கப் பாடம். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றே சொன்ன தீர்ப்பு. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் அதில் உண்டு. படித்து முடித்த மாணவர்கள் ஐயாவின் கிணற்றடியில் வாயைத் திறக்கவில்லை.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவினர், சட்டத் தன்னார்வலர்கள், வாய்தாவுக்கு நடுவே நேரம் ஒதுக்கிய சீனியர் வழக்கறிஞர்கள், பெஞ்சை விட்டுக்கொடுத்த டீக்கடைக்காரர் அனைவருக்கும் நன்றி.

கோடை விடுமுறையில் மையம் பூட்டியிருக்கும். அவசரமென்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்கு அடியுங்கள். பத்திரங்களைக் கொடுத்து வைத்திருப்பவர்கள் கல்லூரி திறந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம். ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, நோட்டில் பெயர் இருக்கிறது.

நன்றியுடன்,
சட்ட உதவி மைய ஆசிரியை
வேலூர்