ஸ்டார் கட்டாத வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள்

சேகர குருமாருக்கும், சபை ஊழியருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், கேரல் பவனி போகும் வாலிபப் பிள்ளைகளுக்கும்,

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

டிசம்பர் பிறந்துவிட்டால் எந்த வீட்டில் அந்த வருஷம் சாவு விழுந்தது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். அந்த வாசலில் கிறிஸ்மஸுக்குக் கட்டும் ஸ்டார் விளக்கு இருக்காது. உள்ளே எண்ணெய்ச் சட்டி ஏறாது, பிள்ளைகளுக்குப் புதுத்துணி வராது. ‘இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை’ என்று அவர்கள் சொல்வார்கள். வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிப் பவனி போகும் கேரல் கோஷ்டியும் மரியாதைக்காக டிரம்மை நிறுத்தி, அந்த வாசலைச் சத்தமில்லாமல் கடந்து, அடுத்த வீட்டில் மறுபடி பாடத் தொடங்கும். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருப்பவர்களுக்கு அந்தப் பாட்டு நின்ற இடமும் தொடங்கிய இடமும் நன்றாகக் கேட்கும். பண்டிகை தங்களைத் தாண்டிப் போனதை அவர்கள் காதாலேயே அறிகிறார்கள்.

இதை மாற்றலாம் என்பதும், எப்படி மாற்றலாம் என்பதுமே இந்த மடல்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை இறக்கி வைக்க வேண்டும். சந்தோஷம் என்றால் அழுகை நிற்பது என்று நம் சபைகளில் பலர் நம்புகிறார்கள். அதனால்தான் அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ‘அழாதீங்க, சாட்சியா இருங்க’ என்கிறோம். ‘கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்ற வசனத்தை அதற்கு ஆதாரமாகவும் காட்டுகிறோம். அப்போஸ்தலன் பவுல் அதை எழுதியது சிறையில், கட்டுகளில் இருந்தபோது. அதே பிலிப்பியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பிலிப்பி சபையார் தன்னிடம் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாவுக்குச் சமீபமாக வியாதிப்பட்டதைச் சொல்லி, ‘துக்கத்தின்மேல் துக்கம்’ தனக்கு நேராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு பேசுகிறார். நான்காம் அதிகாரத்தில் தன் சந்தோஷத்துக்கு ஒரு காரணத்தையும் சொல்கிறார்: தன்னை விசாரிப்பதற்குப் பிலிப்பியர் மறுபடியும் மனமலர்ந்தார்கள் என்பதே அது. அவர்கள் அனுப்பிய உதவியோடு அந்த எப்பாப்பிரோதீத்து நேரில் வந்து நின்றார். துக்கம் விசாரித்தல் என்று நம் ஊரில் சொல்லும் அதே விசாரிப்புதான்.

கிறிஸ்து பிறந்த கதையும் அப்படித்தான் இருக்கிறது. மத்தேயு இரண்டாம் அதிகாரம் பத்தாம் வசனத்தில், குழந்தை இயேசுவைத் தேடிக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் நட்சத்திரத்தைக் கண்டு மிகுந்த ஆனந்த சந்தோஷமடைகிறார்கள். எட்டே வசனம் தள்ளி, ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றதைச் சொல்லும் இடத்தில், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள். நட்சத்திரமும் ஒப்பாரியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நாம் பத்தாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். டிசம்பர் 28, பெத்லகேமில் கொல்லப்பட்ட குழந்தைகளை நினைக்கும் நாள். திருச்சபை நாட்காட்டியில் இருக்கிற இந்த நாளை, பண்டிகை முடிந்த அசதியில் பெரும்பாலான சபைகள் கவனிப்பதே இல்லை.

இனி செய்முறைக்கு வருகிறோம்.

பவனிக்கு இரண்டு வாரம் முன்பே, கடந்த கிறிஸ்மஸுக்குப் பிறகு மரித்தவர்களின் வீடுகளைச் சபைப் பதிவேட்டிலிருந்து எழுதி எடுங்கள். வெளியூரில் இறந்து அங்கேயே அடக்கமானவர்களின் வீடு பதிவேட்டில் இருக்காது. கருவிலே போன குழந்தைகளும் அதில் இல்லை. இந்த இரண்டையும் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் வாய் வழியாகத்தான் அறிய முடியும். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இருவர் போங்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ‘கேரலுக்கு வரலாமா?’ என்று மட்டும் கேட்டால் ‘வேண்டாம்’ என்ற பதில்தான் வரும், அதற்கு மேல் பேச்சு நகராது. மூன்று வழிகளைச் சொல்லுங்கள்: வாசலில் நின்று ஒரு பாட்டு பாடிப் போகலாம், உள்ளே வந்து உட்கார்ந்து பாடலாம், பாட்டே இல்லாமல் மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து ஜெபிக்கலாம். எதைச் சொன்னாலும் அப்படியே செய்யுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் அதையும் மதித்து, ஜனவரி முதல் வாரத்தில் திரும்பப் போங்கள்.

உள்ளே வரச் சொன்ன வீட்டுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் போகக் கூடாது. மற்றவர்கள் தெருமுனையில் நிற்கட்டும். டிரம், விசில், கிறிஸ்மஸ் தாத்தா வேண்டாம். காணிக்கைப் பையை அந்த வாசலில் நீட்டவே கூடாது. அவர்களாகக் கொடுத்தாலும், ‘பிறகு வாங்கிக்கொள்கிறோம்’ என்று சொல்லிவிடுங்கள். போகும் நேரமும் முக்கியம். நள்ளிரவுக்கு மேல் கதவு தட்டும் சத்தம், சாவுச் செய்தி வந்த இரவை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடும். இந்த வீடுகளை இரவு எட்டு மணிக்குள் முடித்துவிட்டுப் பெரிய பவனியைத் தொடங்குங்கள். பாமாலையிலோ கீர்த்தனையிலோ வீட்டாருக்கு மனப்பாடமான ஒன்றை இரண்டு சரணம் மட்டும், சுதி இறக்கிப் பாடுங்கள். துக்கத்தில் தொண்டை அடைக்கும், மேல் ஸ்தாயி எட்டாது. எட்டாதபோது அவர்கள் பாடுவதை நிறுத்திவிட்டுக் கூனிக் குறுகுவார்கள்.

வாசிப்புக்கு 13ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று கேட்கிறது, கடைசி வசனத்தில் ‘பாடுவேன்’ என்று முடிகிறது. கேள்வியை வாசிக்காமல் முடிவை மட்டும் வாசிப்பது பாதி வேதத்தைக் கொடுப்பதாகும். பிரசங்கம் வேண்டாம். ஜெபத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று பலர் தவிர்க்கிறார்கள். அழுதால் அழட்டும், இயேசுவும் தம் சிநேகிதன் லாசரு இறந்தபோது, கல்லறைக்குப் போகுமுன் கண்ணீர் விட்டார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். பிறகு எழுந்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்பு பாரமாக மாறுவது பெரும்பாலும் இங்கேதான். பலகாரம் கொடுப்பவர்கள் எவர்சில்வர் டப்பாவில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். கணவனை இழந்த பெண் இருபது வீட்டுப் பாத்திரத்தைக் கழுவி, ஒவ்வொன்றிலும் எதையாவது போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிறது. வாழை இலையிலோ காகிதப் பெட்டியிலோ கொடுங்கள். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து என்று எல்லாரும் ஒரே நாளில் குவிப்பதைவிட, 24ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை ஒருவரும், பண்டிகை மத்தியானத்தை ஒருவரும், புத்தாண்டை ஒருவரும் ஏற்றுக்கொண்டால் நல்லது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகவேண்டுமென்று கேட்டபோது தூதன் முதலில் கொண்டுவந்தது சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவனை மறுபடியும் சாப்பிடச் செய்தான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்குப் பிறகு, ஓரேப் மலையில்.

பிள்ளைகளின் துணியை மாமாவோ அத்தையோ எடுக்கட்டும். சபை எடுப்பதாக இருந்தால் ஆராதனையில் வைத்துக் கொடுக்காதீர்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது வருஷத்துக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கொடுக்கும் பழக்கம் நமக்குப் பிரியமானது. ஆனால் போன வருஷம் ‘பொல்லாப்பு உனக்கு நேரிடாது’ என்ற அட்டையை எடுத்த வீட்டில் மார்ச்சில் சாவு விழுந்திருந்தால், இந்த வருஷம் கை நீட்டும்போது அவர்கள் மனதில் என்ன ஓடும்? வசனத்தைச் சூழலிலிருந்து பிய்த்துக் கொடுப்பதால் வரும் வினை இது. எரேமியா 29ஆம் அதிகாரம் பதினோராம் வசனம் எல்லாருக்கும் தெரியும், ‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’. அதற்கு முந்தைய வசனம், சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குப் பாபிலோனில் எழுபது வருஷம் என்று சொல்கிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டி, தோட்டம் நாட்டச் சொல்கிறது. நீண்ட நாள் எடுக்கும், அதற்குள் வாழ வேண்டியதை வாழுங்கள் என்கிற நம்பிக்கை அது. அட்டையில் ஒரு வசனத்துக்குப் பதில் அந்தப் பகுதி முழுவதையும் அச்சிடலாம், அல்லது குருவானவர் அட்டை கொடுக்குமுன் சூழலை இரண்டு நிமிஷம் விளக்கலாம்.

அந்த ஆராதனையிலேயே வருஷத்தில் மரித்தவர்களின் பெயர்களை வாசியுங்கள். முன்கூட்டியே வீட்டாரிடம் கேட்டுப் பெயரைச் சரிபாருங்கள். தற்கொலையால் இறந்தவரின் பெயரையும் அதே வரிசையில், அதே குரலில் வாசியுங்கள். அதை விட்டுவிடுவது அந்த வீட்டாரை இரண்டாம் முறை தண்டிப்பது.

பண்டிகைக்குப் பிறகு ஆள் வரத்து நின்றுவிடும். ஜனவரியிலிருந்து மாதம் ஒரு சந்திப்பு, இறந்தவரின் பிறந்த நாளிலும் திருமண நாளிலும் ஒரு போன், வருஷ நிறைவில் கல்லறையில் ஒரு ஜெபம். வாரிசுச் சான்றுக்கோ விதவை உதவித்தொகைக்கோ தாலுகா ஆபீஸ் போகத் துணை வேண்டுமா என்றும் கேளுங்கள்.

சில அடையாளங்களைக் கண்டால் ஜெபத்தோடு நிற்கக் கூடாது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமை, புதிதாகத் தொடங்கிய குடி, ‘நானும் அவரோடயே போயிருக்கணும்’ என்ற பேச்சு. அப்போது ‘உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. மனதில் இருப்பதை வெளியே சொல்ல வழி கிடைக்கும். ஆம் என்றால் தனியே விட்டு வராதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சி மருந்தை அப்புறப்படுத்துங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மருத்துவ உதவி எண் 104, மனநல உதவி எண் 14416 இரண்டிலும் இலவசமாகப் பேசலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை ‘விசுவாசத்தால்’ நிறுத்தச் சொல்ல எந்த ஊழியருக்கும் அதிகாரம் இல்லை.

இந்த வாரச் சபைக் கமிட்டியில் பவனிக்கு மைக் செட் பேசும்போதே, துக்க வீடுகளின் பட்டியலையும் மேசையில் வையுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே போகிற இருவரின் பெயரை எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி, தூத்துக்குடி கிராமச் சபைகளில் துக்க வீடுகளைச் சந்திக்கும் ஊழியத்தில் இருப்பவர்கள்