செவலைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

குரோம்பேட்டைத் தெருக்காரர்களுக்கும், வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி வரை வந்து நின்றவர்களுக்கும், முகம் பார்க்காமலே பணமும் மருந்தும் அனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

நம் தெருவில் யாரோ கைவிட்டுப் போன நாய் செவலைக்கு வீடு கிடைத்துவிட்டது. மதுராந்தகம் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவளைத் தன்னோடு வைத்துக்கொண்டார். இந்தச் செய்தியை ஆளாளுக்குப் போனில் சொல்லிவிட்டேன். ஆனால் உங்களில் ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. ரத்தம் கொடுத்தவர்கள் டீக்கடை அக்காவைப் பார்த்ததில்லை. ஆட்டோ அண்ணன் வேப்பேரியில் எங்களை இறக்கிவிட்டுப் போன பிறகு உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு. ஆடி மாதக் கடைசி. ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம், மூடிக் கிடந்த ஒரு கடையின் படிக்குக் கீழே அவள் சுருண்டு கிடந்தாள். அந்த வழியாகத்தான் நாங்கள் எல்லாரும் ரயிலுக்குப் போகிறோம், வருகிறோம். தெரு நாய் ஒன்று படுத்திருக்கிறது என்றுதான் கண்ணில் பட்டிருக்கும். அக்கா மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது வீட்டு நாய்ம்மா. கழுத்தைப் பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடி தேய்ந்து தோல் தெரிந்தது. பல வருடம் பெல்ட் போட்டிருந்த தடம். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டுதான் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"கை குடு" என்றார் அக்கா. தலையைத் தூக்கவே தெம்பில்லாதவள் வலது முன்னங்காலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்கட் கொடுத்து, பொறுமையாகச் சொல்லித் தந்த பழக்கம் அது. மடி தொங்கியிருந்தது. குட்டி போட்டுப் பால் கொடுத்து முடித்து அதிக நாள் ஆகியிருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார். லாப்ரடார் முகம், நாட்டு நாயின் நீளமான கால், செம்மண் நிறம். செவலை என்ற பெயர் அக்கா வைத்ததுதான்.

அவளை விட்டுவிட்டுப் போனவர்கள் யாரென்று தெரியாது. தேடவும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 11ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. முதல் தடவைக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது வருடத்துக்கு முன்னால் அது ஒரு தொகை. இன்றைக்கு 50 ரூபாய்க்கு அவள் உடம்பில் இருந்த உண்ணிக்கு மருந்துகூட வாங்க முடியாது. இந்தத் தொகை மாற வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்து கேட்கிறேன்.

டீக்கடை அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பெஞ்சுக்குக் கீழே சாக்கு விரித்து அவளைப் படுக்க வைத்தீர்கள். நாய் கிடக்கிற கடையில் டீ குடிக்க மாட்டேன் என்று சிலர் எதிர்க்கடைக்குப் போனார்கள். "போறவங்க போகட்டும், இது எங்க போகும்?" என்றீர்கள். காலை வியாபாரத்தை நம்பி இருக்கிற கடையில் அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். தயிர்ச்சோற்றை அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டதைக் கவனித்து, "இது பசி இல்ல, நோவு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்று முதலில் சொன்னதும் நீங்கள்தான்.

செயலியில் கூப்பிட்ட வண்டிகள் நாய் என்றதும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. ஸ்டாண்டில் இருந்த ஆட்டோ அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: "கடிக்குமா?" கடிக்காது என்றேன். பின் சீட்டில் பழைய பேனர் துணியை விரித்தார். வேப்பேரி குரோம்பேட்டையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலை நெரிசலில் மேடு பள்ளம் பார்த்து ஓட்டினார். வழியில் செவலையின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்ட ஆரம்பித்தது. சீட்டெல்லாம் ஆகிவிட்டது. "சீட்டைக் கழுவிக்கலாம், நீங்க அதைப் புடிங்க" என்றார். போக வரக் கூலி வாங்கவே மாட்டேன் என்றவரிடம் எரிபொருளுக்காவது என்று கையில் திணிக்க வேண்டியிருந்தது. அண்ணே, அன்றைக்கு நீங்கள் வராமல் இருந்திருந்தால் அந்த மூக்கு ரத்தத்தோடு கதை முடிந்திருக்கும் என்று டாக்டரே சொன்னார்.

வேப்பேரியில் நாங்கள் போன சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது. அந்த வளாகத்தில் காலை நேரத்தில் போய் நின்றவர்களுக்குத் தெரியும். வரிசையில் ஆடு நிற்கும், கூண்டில் கிளி இருக்கும், விலை உயர்ந்த நாய்க்குப் பக்கத்தில் தெருப் பூனையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அங்கே செவலையைப் பார்த்த மருத்துவர் அவள் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். ஈறு வெள்ளையாக இருந்தது, அதில் ஊசி குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகள், ஆமணக்கு விதை ஒட்டி வைத்ததுபோல. உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற கிருமி ரத்தத்தில் இறங்கி, ரத்தம் உறைவதற்கு வேண்டிய தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் மூக்கில் ரத்தம். சுமார் 2 லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணுக்கள் அவளுக்கு 20 ஆயிரம்கூட இல்லை. 12க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் 4க்குக் கீழே போயிருந்தது.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். நாய்க்கு நாய் ரத்தம்தான். வேப்பேரிக் கல்லூரியில் விலங்குகளுக்கென்றே ரத்த வங்கி இருக்கிறது, கொடையாளி நாய் ஒன்றைக் கூட்டி வர முடியுமா என்று கேட்டார்கள். ஒன்றிலிருந்து எட்டு வயதுக்குள், 25 கிலோவுக்குக் குறையாமல், தடுப்பூசி எல்லாம் போட்ட ஆரோக்கியமான நாய் வேண்டும். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று செய்தி போய், மதியத்துக்குள் அயனாவரத்திலிருந்து ஒரு குடும்பம் தங்கள் ராஜபாளையம் நாயோடு வந்து இறங்கியது.

அந்தக் குடும்பத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கிற மகள். நல்ல பால் வெள்ளை நாய், இளஞ்சிவப்பு மூக்கு. மேசையில் படுக்க வைத்துக் கழுத்து நரம்பில் ஊசி போட்டபோது மகள் அவன் முகத்தோடு முகம் வைத்துப் பேசிக்கொண்டே இருந்தாள். மனிதர்களுக்குப் பயன்படுத்துகிற மாதிரியான பைதான். அது மெல்ல நிறைந்தது. அவன் ஒரு தடவைகூட முனகவில்லை. முடிந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரைக் குடித்துவிட்டு, பக்கத்து மேசையில் கிடந்த செவலையை ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனான். "நாங்க எங்க வந்தோம், இவன்தான் வந்தான்" என்று சொல்லி அந்த அப்பா என்னிடம் ஒரு ரூபாய்கூட, ஒரு டீகூட வாங்கிக்கொள்ளவில்லை. உங்கள் மூவருக்கும் நன்றி. அவனுக்கு நான் எப்படிச் சொல்வது, நீங்களே அவன் காதில் சொல்லிவிடுங்கள்.

அந்த ரத்தம் ஏறிய நேரம் முழுக்கப் பக்கத்தில் நின்ற மாணவிக்கும் சொல்ல வேண்டும். ரத்தம் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் முதலில் சொட்டுச் சொட்டாக விட்டு, சில நிமிடத்துக்கு ஒரு தடவை காய்ச்சலும் இதயத் துடிப்பும் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு நேரம் வந்து போனது, அவர் நகரவில்லை. சாயங்காலம் செவலையின் உதட்டைத் தூக்கி, "பாருங்க, லேசா ரோஸ் வந்திருக்கு" என்று என்னிடம் காட்டியபோது அவர் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் நல்ல மருத்துவராக வருவீர்கள் அம்மா.

பிறகு வந்தது நீண்ட வேலை. கிருமியைக் கொல்லும் டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் விடாமல் போக வேண்டும், வயிற்றில் சாப்பாடு இல்லாமல் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடும். எங்கள் குடியிருப்பில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கவில்லை. ராதா நகரில் வாடகைக்கு இருக்கிற நான்கு பையன்கள் தங்கள் முன்னறையைக் கொடுத்தார்கள். வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள், கையில் காசு இல்லாதவர்கள். யார் எந்த வேளை என்று சுவரில் தாள் ஒட்டி வைத்தார்கள். மாத்திரையை ஈரல் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். உண்ணி சுவர் வெடிப்பில் ஒளிந்துகொண்டு முட்டையிடும், நாயைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது என்று டாக்டர் சொன்னதை மனதில் வைத்து, வெடிப்புகளை எல்லாம் சிமெண்ட் பூசி அடைத்தார்கள், அதுவும் வாடகை வீட்டில். தம்பிகளா, உங்கள் வீட்டுக்கார ஐயாவுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். முதலில் யோசித்தவர், பிறகு தினமும் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். மருந்துக்கடைத் தம்பி, விலையைப் பாதியாகப் போட்டுவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காதவர் நீங்கள். பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் தேறியதும் வீடு தேட ஆரம்பித்தோம். படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கூப்பிட்டார்கள். அந்தப் பேச்சுகள்தான் எனக்கு இந்த முழு அலைச்சலிலும் வலித்த இடம். "என்ன ஜாதி?" என்பார்கள். கலப்பு என்றால் குரல் இறங்கும். "ஆணா, பெண்ணா?" பெண் என்றால், "ஐயோ, பெட்டையா, குட்டி போட்டுக்கிட்டே இருக்குமே" என்று முடித்துக்கொள்வார்கள். கருத்தடை அறுவை செய்துதான் கொடுப்போம் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். குட்டியாக இருந்தால் பரவாயில்லை என்பவர்கள் சிலர். ஒருவர் குட்டி எடுத்து விற்பதற்காகவே கேட்டார், அறுவை செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அவளை ஏற்கெனவே ஒருவர் அப்படித்தான் பயன்படுத்திவிட்டுத் தெருவில் விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு இல்லை என்று சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. பெட்டை நாய்களைத் தெருவில் விடுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இந்தக் குட்டிதான். ஒரே ஒரு அறுவையோடு தீர்கிற விஷயம் அது. செய்துவிட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாகிற ஆபத்தும் போய்விடும்.

இந்தக் கேள்விகளைக் கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: மேலே நான் எழுதிய ஒருவர்கூட அவள் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. ஆட்டோ அண்ணன் கேட்கவில்லை, தம்பிகள் கேட்கவில்லை, அசல் ராஜபாளையம் வளர்க்கிற அயனாவரத்துக் குடும்பம் கேட்கவில்லை.

மதுராந்தகத்து டீச்சரும் கேட்கவில்லை. "இடிச் சத்தத்துக்குப் பயப்படுவாளா?" என்றார். பட்டாசுக்கு நடுங்குவாள், கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள் என்று உள்ளதைச் சொன்னோம். "அப்ப பின்கட்டு அறையைக் காலி பண்ணி வைக்கிறேன், அங்க ஜன்னல் சின்னது, சத்தம் குறைவா வரும்" என்றார். அங்கேயே எங்கள் தேடல் முடிந்தது. இருந்தாலும் முறைப்படி வீட்டைப் போய்ப் பார்த்தோம், கேட்டைப் பார்த்தோம், உறுதிமொழி எழுதி வாங்கினோம். டீச்சர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "இவ்வளவு விசாரிச்சுக் கொடுக்கறீங்களே, அதுதான் சரி" என்றார்.

தட்டணுக்கள் பழைய நிலைக்கு வந்த பிறகு கருத்தடை அறுவை நடந்தது. தையல் பிரித்தாகிவிட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாகிவிட்டது, மற்ற தடுப்பூசியில் ஒரு தவணை பாக்கி, அதை டீச்சரே போட்டுக்கொள்கிறேன் என்றார். முதல் வாரம் செவலை வாசலில் கார் நின்றால் எழுந்து ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். இப்போது எழுந்திருப்பதில்லை, காதை மட்டும் திருப்புகிறாள் என்று டீச்சர் சொன்னார். டீச்சர் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யார் வந்தாலும் கேட்காமலே கை கொடுக்கிறாள்.

நீங்கள் அனுப்பிய பணத்தில் செலவு போகக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை அடுத்து ரத்தம் தேவைப்படும் ஏதாவது ஒரு நாய்க்கு வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். வேண்டாம், திருப்பிக் கொடுங்கள் என்பவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல எடையுள்ள, தடுப்பூசி போட்ட நாய் வளர்ப்பவர்கள் யாராவது அயனாவரத்துக் குடும்பத்தைப் போல வர முடியும் என்றால் அதையும் சொல்லி வையுங்கள், குறித்துக்கொள்கிறேன்.

அவளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம் என்று டீச்சர் சொல்லச் சொன்னார். வெயில் ஏறுவதற்கு முன் வந்துவிடுங்கள், பிஸ்கட் வேண்டாம், எடை கூடுகிறது. டீக்கடை அக்காவை நான் அழைத்துப் போகிறேன். ஆட்டோ அண்ணன் தன் வண்டியிலேயே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
குரோம்பேட்டையிலிருந்து