பால் குழாய்ப் பெண்டு

கணபதி, கோயம்புத்தூர்
ஆவணி 3

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இடது கட்டைவிரலில் கிரைண்டர் சக்கரம் உரசி நான்கு தையல் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் தாமதம். பட்டறையில் பையன்களிடம் கையுறை போடச் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவன் நான், கையுறை இல்லாமல் நின்றது அன்று ஒருநாள்தான். நீ நம்பமாட்டாய், தெரியும்.

பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் உன் தங்கச்சி பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். பெயர் வைத்தாயிற்றா?

சரி, உன் மாருதி 800 விஷயத்துக்கு வருகிறேன். மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்த்தொகுதி, புதிதாகக் கட்ட வளைத்த குழாய் கட்டுப்படியான விலைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். கார் உதிரிபாகக் கடைக்காரர் சொன்ன விலையை எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருக்கிறாய். கோபம் நியாயம்தான். 38 மி.மீ. வெளிவிட்டம், 1.6 மி.மீ. தடிமன் உள்ள எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் ஒரு மீட்டர் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு யு-பெண்டில், அதாவது யு வடிவத்தில் வளைத்த குழாயில், அரைக் கிலோ உலோகம்கூட இருக்காது. நீ கொடுக்கும் காசு உலோகத்துக்கு அல்ல, 'சைலன்சர் பெண்டு' என்ற பெயருக்கு.

நேராக வளைக்கும் பட்டறைக்கே போய்விடலாம் என்று நானும் முதலில் நினைத்தேன். உள்ளே மாண்ட்ரல் என்ற தாங்கு தண்டை விட்டு வளைத்தால்தான் குழாய் நசுங்காமல் வட்டமாகவே திரும்பும். ஆனால் ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி டை, வளைக்கும் அச்சு, வேண்டும். "மூன்று பெண்டுக்காக டை மாட்டினால் எனக்கு அரை நாள் போய்விடும், நூறு எண்ணம் கொண்டு வாருங்கள்" என்றார் பட்டறைக்காரர். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

வழி கிடைத்தது ஒரு பால் பண்ணையில். பாஸ்சுரைசருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கப் போனவன் மூலையில் கிடந்த பெண்டுகளைப் பார்த்தேன். விட்டம் அளக்கும் காலிப்பரை வைத்தால் 38.1 மி.மீ. பால் செல்லும் குழாய்களை வெளிவிட்டத்தில்தான் அளக்கிறார்கள்: ஒன்றரை அங்குலம் என்றால் 38.1, இரண்டு அங்குலம் என்றால் 50.8. சைலன்சர் குழாய்க்கும் இதே கணக்குதான். தடிமன் ஒன்றரை மி.மீ. சுமார், உலோகம் 304, எஸ்.எஸ்.-இல் நல்ல ரகம். வளைவில் நசுங்கல் இல்லை, உள்ளே வழவழவென்று இருக்கிறது. பால் எங்கும் தங்கிப் புளிக்கக்கூடாது என்பதற்காகச் செய்தது, புகைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆகவே எந்தக் கடையிலும் காரைப் பற்றி வாயே திறக்காதே. டெய்ரி ஃபிட்டிங் விற்கும் இடத்தில் ஒன்றரை அங்குல வெல்டிங் பெண்டு என்று மட்டும் கேள்.

தண்ணீர்க் குழாய்க் கடையில் மட்டும் அதே வார்த்தையைச் சொல்லிவிடாதே. அங்கே ஒன்றரை அங்குலம் என்றால் வெளிவிட்டம் 48.3, தடிமனும் கூடுதல். அப்படி அவசரத்தில் வாங்கிய நான்கு எல்போ வளைவுகளில் ஒன்று இப்போது பட்டறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாய்ப் பக்கமும் போகாதே. அந்தப் பூச்சின் மேல் பற்றவைத்தால் வரும் புகை இரண்டு நாள் காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடும் பெண்டு இன்னும் மலிவு. நானும் ஆசைப்பட்டேன். 304 என்று பில்லே போட்டுக் கொடுத்தார் ஒருவர். ஆறு மாதத்தில் வெல்டு ஓரமெல்லாம் செம்பழுப்பு. அது 202, மட்டமான ரகம். காந்தத்தில் ஒட்டவில்லையே, 304-தானே என்பாய். 202-உம் காந்தத்தில் ஒட்டாதடா. பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் ஒரு சிறு பாட்டில் திரவமும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் இருக்கும். ஒரு சொட்டு விட்டு பேட்டரியை வைத்தால் 202 சிவந்துவிடும். அதைச் செய்து காட்டாமல் காசு கொடுக்காதே. உன் ஊரில் அவ்வளவு பெரிய எஸ்.எஸ். ஆலை இருந்தும் உனக்கு இந்தப் பாடு. அங்கே குழாய் அல்ல, தகடு உருட்டுகிறார்கள், என்ன செய்வது.

உனக்கு மூன்றே சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் 90 டிகிரி வளைவு ஒன்று, 45 டிகிரி வளைவு ஒன்று போதும் என்று நினைக்கிறேன். மூன்று யு-பெண்டில் வேலை முடிந்து கொஞ்சம் மிஞ்சும். பெண்டின் மைய ஆரம் 57 மி.மீ. என்றால் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் வெளிவளைவில் 20 மி.மீ., உள்வளைவில் 10 மி.மீ. அளந்து குறி போட்டு, இரண்டையும் சேர்த்துச் சுற்றிக் கோடு இழு. பாகைமானியே தேவையில்லை. முதலில் கம்பியை வளைத்துக் குழாய் போகும் வழி பார்த்துக்கொண்டு பிறகு அறு. நான் நேராக அறுக்க ஆரம்பித்து ஒரு முழுப் பெண்டை வீணாக்கியிருக்கிறேன்.

நேர்க்குழாயையே துண்டு துண்டாகச் சாய்த்து வெட்டி வளைவாக ஒட்டலாம் என்று உன் மருமகன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு 90-க்கு ஐந்து ஜாயிண்ட், ஆர்கான் வாயு விட்டுப் பற்றவைக்கும் வெல்டர் காசு வாங்குவதோ ஜாயிண்டுக்கு. குழாயில் மிச்சம் பிடித்ததை அவரிடம் கொட்டுவாய். அவரிடம் இன்னொன்றும் சொல்லிவை: குழாய்க்குள்ளும் ஆர்கான் விட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்து நிற்கும். அப்புறம் வழவழப்பான பால் பெண்டு எதற்கு?

மேனிஃபோல்டைத் தாண்டி நெளிந்துகொடுக்கும் ஒரு ஃபிளெக்ஸிபிள் துண்டு கட்டாயம் வை. 304 ஒரு மீட்டர் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 9 மி.மீ. நீளும். எஞ்சினும் சும்மா இராது. அதற்குப் பின்னால் வண்டியின் வால்வரை சாதாரண இரும்புக் குழாயே போதும், சைலன்சர்க்காரரிடம் ஹைட்ராலிக்கில் வளைத்துக்கொள். அப்படி வளைத்த ஒன்றை அளந்தேன், 38 இருந்த இடம் 31 ஆகியிருந்தது. நாற்பது குதிரைத்திறனைத் தொடாத எஞ்சினுக்கு அங்கே அது உறைக்காது. சைலன்சர் பெட்டியை மட்டும் கழற்றி எறியாதே. உன் தெருவில் பேத்தி தூங்க வேண்டுமல்லவா?

என்னிடம் இரண்டு யு-பெண்டு மிச்சம் இருக்கிறது. 304-தான், சொட்டு விட்டுப் பார்த்தாயிற்று. வரும் இரண்டாம் ஞாயிறு நாங்கள் இருவரும் வருகிறோம், எடுத்து வருகிறேன். அதற்குள் நீ மூன்றாவதைத் தேடி வை. பழைய எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதே, எஞ்சினோடு பொருத்தும் தகடான ஃபிளாஞ்சு வெட்ட அதுதான் அச்சு. குழந்தைக்கு வசம்பு வளையல் வாங்கி வைத்திருக்கிறாள் உன் தங்கச்சி. அளவு தெரியாமல் வாங்கியது, அதற்கு என் காலிப்பர் உதவவில்லை.

உன்,
சண்முகம்