தொப்பூர் ஏற்றத்தில் நின்ற கார்: சரிசெய்வதா, விற்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சூடாகி நின்றதுமே, காரை விற்றுத் தள்ள அவசரப்பட வேண்டாம். பல வண்டிகளில் கோளாறு ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), ஃபேன் மோட்டாரோடு முடிந்துவிடும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து ரேடியேட்டர் அடைக்கும். கூலன்ட்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால்காப்பி நிறமாக இருந்தாலோ, வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்தாலோ ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) மேல் சந்தேகம் வர வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறையை நம்பாதீர்கள். லேத் பட்டறையில் ஹெட்டின் வளைவைச் சரிபார்க்காமல் மாட்டினால், அடுத்த ஏற்றத்திலேயே மறுபடி அதே வேலை. கையோடு கம்ப்ரெஷனும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைவாக இருந்து, பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டதும் ஏறினால், தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங். அது எஞ்சினைப் பிரிக்கும் செலவு.

15 ஆண்டு நெருங்கும் கார் என்றால் எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) செலவையும் இதோடு கூட்டுங்கள். மொத்தம் வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினாலோ, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ விற்பதே சரி.

– ஒரு மெக்கானிக், நல்லம்பள்ளி, தருமபுரி