மீட்டர் வைத்துப் பார், கண்ணு

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமா?

வண்டிக்கு மறுபடியும் பேட்டரி மாற்றினாய் என்று அம்மா சொன்னாள். ஒரே வருடத்தில் இரண்டாவது. கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்திருக்க மாட்டார். பேட்டரி சும்மா இறங்காது கண்ணு. ஒன்று, சார்ஜ் ஏறவில்லை. இல்லை, எங்கேயோ கரண்ட் கசிகிறது.

டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் நான் வைத்த மஞ்சள் மீட்டர் இருக்கும். திருகை டிசி 20-இல் வை. காலையில் சாவி போடுவதற்கு முன்னால் பார். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் செல்ஃப் போட்டு வதைக்காதே.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுப் பார். 13.8-க்கும் 14.4-க்கும் நடுவில் நின்றால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. 13-ஐயே தொடவில்லை என்றால் முதலில் பெல்ட்டைப் பார். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி வெந்துவிடும். ஓடும்போது டெர்மினலைக் கழற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கழற்றாதே. அது பழைய வண்டிகளின் பழக்கம். இப்போதைய வண்டியில் வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரே போய்விடும்.

எர்த் வயரையும் விடாதே. கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, யாரையாவது செல்ஃப் போடச் சொல். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துரு போகச் சுரண்டி இறுக்கு. யாரையாவது என்று எழுதிவிட்டேன். கூப்பிட்டால் வர அங்கே யாராவது இருக்கிறார்களா?

கசிவு பார்ப்பது உனக்குத் தெரியும். பிளஸ் டூ லீவில் பட்டறையில் ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, டிக்கி லைட் அணையாமல் எரிவதைக் கண்டுபிடித்தவள் நீதானே. இன்றைக்கும் பசங்களிடம் அதைச் சொல்வேன். அப்படிப்பட்டவள் கடைக்காரர் சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டலாமா?

பூட்டி அரை மணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கசிவு இல்லை. ஆனால் அந்த ஐம்பதே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. உன் வண்டியில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒரு மாதம் எடுக்காமலே நின்றால், வண்டியில் ஒரு கோளாறும் இல்லாமலே காலியாகிவிடும். தினமும் ஆபீஸ் போய்வருகிற வண்டிக்கு அப்படி ஆகாது.

அதனால் முதலில் மீட்டர் வைத்துப் பார். இந்த எண்களை எழுதி அனுப்பு. கூடவே கிலோமீட்டர் ரீடிங்கையும் போட்டோ எடுத்து அனுப்பு. போன தடவை சர்வீஸ் விட்ட பில் என்னிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனைக்கூட நீ எடுப்பதில்லை. அம்மா ராத்திரியில் தூங்குவதில்லை. வேலை விஷயமோ, அந்த விஷயமோ, நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம். வண்டியைக் கிளப்பி ஓசூர் தாண்டி வந்துவிடு. கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் பேட்டரியில் நன்றாக சார்ஜ் ஏறிவிடும். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

அப்பா