பந்தல் போட்டது போதும், பச்சையைச் சேர்த்து விடுங்கள்

சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சிக்னல் நேரம் குறிக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

அமைந்தகரையில் பச்சை விழுந்து கிளம்பும் வண்டிகள் ஈகா தியேட்டர் அருகே சிவப்பில் நிற்கின்றன. அதைத் தாண்டினால் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையருகே மறுபடி சிவப்பு. சிக்னல்களை இயக்கும் கன்ட்ரோலர் கருவிகள் தனித்தனியே ஓடினால் இதுதான் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு சந்திப்பின் சுற்று, அதாவது ஒரு பச்சையிலிருந்து அடுத்த பச்சை வரை, 120 வினாடி, அடுத்ததன் சுற்று 150 என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒத்துப்போகும். எல்லாச் சந்திப்புக்கும் ஒரே சுற்று நேரம், ஒரே கடிகாரம். நாங்கள் கேட்பது இதுதான்.

அரை கிலோமீட்டரை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கடக்க 60 வினாடி ஆகும். அதற்காக அடுத்த பச்சையைச் சரியாக 60-ஆவது வினாடியில் விட்டால் காரியம் கெடும். பக்கத்துத் தெருக்களிலிருந்து திரும்பிய வண்டிகள் அங்கே ஏற்கெனவே பத்து வரிசை நிற்கும். வரிசைக்கு 2 வினாடி வீதம், 20 வினாடி முன்னதாகவே திறந்துவிட வேண்டும். கன்ட்ரோலரின் கடிகாரம் நாளுக்கு ஒரு வினாடி பிசகினாலும் ஒரு மாதத்தில் கணக்கு அரை நிமிடம் தப்பிவிடும். ஜிபிஎஸ் நேரத்தோடு இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

நெரிசல் முற்றியதும் போக்குவரத்துக் காவலர்கள் சிக்னலை மேனுவலுக்கு, அதாவது கையால் இயக்கும் முறைக்கு, மாற்றி ஒரே பக்கத்துக்குப் பச்சையை நீட்டுகிறார்கள். முன்னால் இடமில்லாததால் வண்டிகள் பச்சையிலேயே நிற்கின்றன; நடந்து கடப்பவரின் முறைதான் பறிபோகிறது. எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கி, நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறவர் வினாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் பெருமை. 20 மீட்டர் கடக்க 25 வினாடி வேண்டும். பாதியில் சிவப்பு விழுந்தால் சாலை நடுவே உள்ள மீடியனில் ஏறி, பஸ் உரசும் தூரத்தில் இன்னொரு சுற்று முழுக்கக் காத்திருக்க வேண்டும். எண்கள் குறையும் டைமர் பலகை மட்டும் பளிச்சென்று இருக்கிறது!

கோடையில் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள், நன்றி. நிற்கும் நேரம் குறைந்தால் அந்தச் செலவும் மிச்சம். முக்கியப் பிரமுகர் வரும் நாளில் மட்டும் எல்லாச் சந்திப்பும் எப்படியோ ஒரே கையில் இயங்கத்தான் செய்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். முதலில் இந்த மூன்று சிக்னலுக்காவது ஒரே சுற்று நேரம், ஒரே கடிகாரம் வையுங்கள். காலையில் சென்ட்ரல் பக்கத்துக்கு ஒரு திட்டம், மாலையில் கோயம்பேடு பக்கத்துக்கு இன்னொன்று. நடப்பவருக்கு 25 வினாடி, அதில் கைவைக்க வேண்டாம். மேனுவலுக்கு மாற்றுகிறவர் பணி முடிந்து போகும்போது தானியங்கி முறைக்குத் திருப்பிவிட்டுப் போகவும் தயவுசெய்து உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
இந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர்கள்